அலகு மாற்றும்போது எங்கே பெருக்குவது, எங்கே வகுப்பது? (பிளஸ் ஒன் வேதிக் கணக்கீடுகள்)

#1 புதுப்பேனா

எல்லோருக்கும் வணக்கம். நான் பிளஸ் ஒன், தமிழ் வழி. வேதியியலில் முதல் பாடத்திலேயே மாட்டிக்கொண்டேன். மோல் என்றால் என்ன என்று கேட்டால், அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணுவதற்கான அலகு என்று வரையறை சொல்லிவிடுவேன். கணக்கு என்று வந்துவிட்டால் எங்கே பெருக்க வேண்டும், எங்கே வகுக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் திணறுகிறேன். பாதி நேரம் ஊகம்தான்.

நேற்று செய்த கணக்கு இது. ஒரு அமில நீக்கி மாத்திரையில் 500 மி.கி. கால்சியம் கார்பனேட் இருக்கிறது. அது முழுவதும் வினைபுரிய 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எத்தனை மி.லி. வேண்டும்? மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 100 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் எழுதியது:

500 / 100 = 5
5 × 2 = 10
10 × 0.1 = 1

ஆக 1 லிட்டர். ஆனால் விடை 100 மி.லி. என்று போட்டிருக்கிறது. சரியாகப் பத்து மடங்கு வித்தியாசம். எங்கேயோ ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன், எங்கே என்று தெரியவில்லை. யாராவது சொல்லுங்களேன்.

#2 கரும்பலகை

பூஜ்யம் எதுவும் விட்டுப்போகவில்லை அம்மா. இரண்டு தவறு நடந்திருக்கிறது, ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து பாதி மறைந்துவிட்டது. முதல் வரியில் மில்லிகிராமைக் கிராமாக மாற்றவில்லை. அங்கே 1000 மடங்கு கூடியது. கடைசி வரியில் 0.1 ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறாய். அங்கே 100 மடங்கு குறைந்தது. மிச்சம் பத்து. விடைத்தாளில் இதைத் திருத்துகிறவருக்கும் ஒரு பூஜ்யப் பிழை மாதிரிதான் தெரியும்.

முப்பத்து நான்கு வருடம் பிளஸ் ஒன், பிளஸ் டூ வேதியியல் எடுத்தவன் நான். இந்தப் பாடத்தில் தடுமாறும் பிள்ளைகளின் நோட்டைத் திறந்தால் எல்லாவற்றிலும் ஒரே காட்சி: எண்கள் மட்டும் இருக்கும், அலகு இருக்காது. கடைசி வரியில் மட்டும் கேள்வியைத் திரும்பப் பார்த்து 'லிட்டர்' என்று ஒட்டவைத்திருப்பார்கள். நீயும் அதையே செய்திருக்கிறாய்.

உன் கடைசி வரியை அலகோடு எழுதிப் பார்:

10 மோல் × (0.1 மோல் / 1 லிட்டர்) = 1 மோல் × மோல் / லிட்டர்

மோலின் வர்க்கத்தை லிட்டரால் வகுத்தது. அப்படி ஒரு கன அளவு உலகத்தில் கிடையாது. அலகு எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே கை நின்றிருக்கும்.

இப்போது ஒரே சங்கிலியாகப் போடுவோம். கையில் இருப்பது 500 மி.கி. கால்சியம் கார்பனேட். போய்ச் சேர வேண்டியது மி.லி. அமிலக் கரைசல். நடுவில் ஒவ்வொரு அடைப்புக்குறியும் ஒரு படி:

500 மி.கி. கால்சியம் கார்பனேட்
× (1 கிராம் / 1000 மி.கி.)
× (1 மோல் கால்சியம் கார்பனேட் / 100 கிராம் கால்சியம் கார்பனேட்)
× (2 மோல் அமிலம் / 1 மோல் கால்சியம் கார்பனேட்)
× (1 லிட்டர் கரைசல் / 0.1 மோல் அமிலம்)
× (1000 மி.லி. / 1 லிட்டர்)
= 100 மி.லி. கரைசல்

பென்சிலை எடுத்து மேலே இருக்கும் அலகையும் கீழே இருக்கும் அதே அலகையும் அடித்துக்கொண்டே வா. மி.கி. போகும், கிராம் போகும், மோல் இரண்டு தடவை போகும், லிட்டர் போகும். அடிபடாமல் நிற்பது மி.லி. மட்டும்.

ஒவ்வொரு அடைப்புக்குறிக்குள்ளும் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் இந்தக் கணக்கைப் பொறுத்தவரை ஒரே அளவுதான். 1 கிராமும் 1000 மில்லிகிராமும் ஒன்று. அதனால் அந்தப் பின்னத்தின் மதிப்பு 1. ஒன்றால் பெருக்கினால் எதுவும் மாறாது, அலகு மட்டும் சட்டையை மாற்றிக்கொள்ளும். பின்னத்தைத் தலைகீழாகப் போட்டாலும் மதிப்பு 1 தான். எந்தப் பக்கமாகப் போடுவது என்பதை அலகே சொல்லிவிடும், நீ ஊகிக்க வேண்டியதில்லை.

0.1 மோலார் என்பதைப் பார்த்ததும் உடைத்து எழுதிவிடு: '1 லிட்டர் கரைசலில் 0.1 மோல் அமிலம்'. அதுவும் ஒரு மாற்றுக் காரணிதான். நடுவில் வரும் 2 சமன்செய்த சமன்பாட்டிலிருந்து வருகிறது. ஒரு மோல் கார்பனேட்டுக்கு இரண்டு மோல் அமிலம்.

#3 நிமிடமுள்

சார் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் பதினொரு வருடமாக நீட் வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 முதல் நீட் தேர்வில் 180 நிமிடத்தில் 180 கேள்வி, அதில் வேதியியல் 45. உயிரியலில் நேரம் மிச்சம் பிடித்தாலும் ஒரு வேதிக் கணக்குக்கு ஒன்றரை நிமிடம் கிடைத்தால் பெரிது. ஐந்து அடைப்புக்குறி போட்டுப் பென்சிலால் அடித்துக்கொண்டிருக்க முடியுமா?

என் பிள்ளைகள் இதை இரண்டு வரியில் முடிப்பார்கள். கால்சியம் கார்பனேட்டின் சமான நிறை, அதாவது ஒரு மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு வினைபுரியும் நிறை, 50. 500 / 50 = 10 மில்லி சமானம். 10 / 0.1 = 100 மி.லி. முடிந்தது. சமான நிறை ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் சமன்பாடுகூட எழுத வேண்டாம். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும் தேர்வில், வரி குறையக் குறையத் தவறும் குறையும் என்பது என் அனுபவம்.

#4 பிப்பெட்காரி

நிமிடமுள் சார், அந்த 50 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 100 ஐ 2 ஆல் வகுத்தது. கரும்பலகை சார் வெளிப்படையாக எழுதிய 2 உங்கள் 50 க்குள் ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒளிந்திருப்பது தெரிந்தவருக்குச் சிக்கல் இல்லை. தெரியாத பிள்ளைக்கு நாளைக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் வரும். அமில ஊடகத்தில் அதன் மோலார் நிறை 158 ஐ 5 ஆல் வகுக்க வேண்டும், நடுநிலை ஊடகத்தில் 3 ஆல். ஒரே பொருளுக்குச் சமான நிறை ஒரு இடத்தில் 31.6, இன்னொரு இடத்தில் 52.7. வினை தெரியாமல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர் அங்கே விழுவார்.

நான் விழுந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு லிட்டர் தயாரிக்கச் சொன்னார்கள். புட்டியில் 37 சதவீதம், அடர்த்தி 1.19 என்று இருந்தது. நான் அடர்த்தியை 1000 ஆல் பெருக்கி 36.46 ஆல் வகுத்தேன். 32.6 மோலார் என்று வந்தது. அதன்படி 3.06 மி.லி. எடுத்து ஒரு லிட்டருக்கு நீர்த்தேன்.

அலகு எழுதத்தான் செய்தேன். கிராம் / மி.லி., மி.லி. / லிட்டர், மோல் / கிராம். எல்லாம் அழகாக அடிபட்டன. மோல் / லிட்டர் என்று முடிந்தது. ஆனால் விடை தப்பு.

எது விட்டுப்போனது? 'எதனுடைய' கிராம் என்பது. 1.19 கிராம் என்பது கரைசலின் கிராம். 36.46 கிராம் என்பது ஹைட்ரஜன் குளோரைடின் கிராம். இரண்டும் கிராம் என்பதால் ஒன்றை ஒன்று அடித்துவிட்டேன். சரியாக எழுதினால்:

(1.19 கிராம் கரைசல் / 1 மி.லி. கரைசல்)
× (1000 மி.லி. / 1 லிட்டர்)
× (37 கிராம் அமிலம் / 100 கிராம் கரைசல்)
× (1 மோல் அமிலம் / 36.46 கிராம் அமிலம்)
= 12.1 மோல் அமிலம் / 1 லிட்டர் கரைசல்

'கிராம் கரைசல்' என்பதை 'கிராம் அமில'மாக மாற்றாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. அந்தப் படியைத்தான் நான் தாண்டிக் குதித்தேன். 0.1 மோலாருக்கு 8.28 மி.லி. எடுத்திருக்க வேண்டும்.

நல்லவேளை, தயாரித்ததை அப்படியே பயன்படுத்தும் வழக்கம் ஆய்வகத்தில் இல்லை. சோடியம் கார்பனேட்டை வைத்துத் தரம்பார்த்தபோது 0.037 என்று வந்தது. 0.1 இல் 37 சதவீதம்! எண்ணே என் தவறைச் சொல்லிக் காட்டிவிட்டது. அன்றிலிருந்து அலகுக்குப் பக்கத்தில் பொருளின் பெயரையும் எழுதாமல் நான் ஒரு வரிகூடப் போடுவதில்லை.

(புதுப்பேனா, ஆய்வகத்தில் நீர்க்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். அடர் அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.)

#5 புதுப்பேனா

ரொம்ப நன்றி சார், நன்றி அக்கா. என் இரண்டு தவறும் இப்போது தெரிகிறது. ஒரு சந்தேகம். இயற்பியல் முதல் பாடத்திலும் பரிமாணப் பகுப்பாய்வு என்று இருக்கிறது, நிறை, நீளம், காலம் என்று அடுக்கடுக்காகப் போடுவது. இதுவும் அதுவும் ஒன்றா?

#6 கரும்பலகை

நல்ல கேள்வி. பெயர் ஒன்று, குடும்பம் ஒன்று, வேலை வேறு. இயற்பியலில் நீ பார்ப்பது ஒரு சமன்பாட்டின் இரு பக்கமும் ஒரே பரிமாணத்தில் இருக்கிறதா என்பதை. அங்கே மில்லிகிராமும் கிராமும் டன்னும் எல்லாமே 'நிறை'தான். அதனால் உன் முதல் தவறு, அந்த 1000 மடங்கு, பரிமாணச் சோதனையில் மாட்டவே மாட்டாது. இங்கே நாம் செய்வது அதைவிட இறுக்கமானது. மில்லிகிராமும் கிராமும் வேறு வேறு ஆட்கள், ஒன்றை ஒன்று அடிக்க முடியாது. என்சிஇஆர்டி புத்தகம் இதற்கு அலகுக் காரணி முறை என்றும் ஒரு பெயர் சொல்கிறது. எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும், செய்வதை அப்படியே சொல்கிறது.

பிப்பெட்காரி சொன்னது இன்னும் ஒரு சுற்று இறுக்கம். பொருளையும் சேர்த்தால்தான் வேதியியலுக்குப் போதுமான கவசம்.

மோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1971 இல்தான் அது பன்னாட்டு அலகு முறையில் அடிப்படை அலகாகச் சேர்ந்தது. அப்போது 12 கிராம் கார்பன்-12 இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையை வைத்து வரையறுத்தார்கள். 2019 மே 20 முதல் அது நேரடியாக ஒரு எண்: 6.02214076 × 10²³. இனி அளந்து திருத்த வேண்டிய எண் அல்ல, வரையறையாலேயே துல்லியமானது. ஆகவே (6.022 × 10²³ அணு / 1 மோல்) என்பதும் டஜனுக்கு 12 என்பது மாதிரி ஒரு மாற்றுக் காரணிதான். பிள்ளைகள் அந்த எண்ணின் பெருக்கத்தைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள்.

#7 மேப்பிள்முற்றம்

வாசித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் போக மனம் வரவில்லை. நான் டொராண்டோவில் தாதியாக இருக்கிறேன். அம்மா யாழ்ப்பாணத்தில். அவவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். போன கோடையில் இங்கே வந்து நின்றபோது என் மானியில் பார்த்தால் 9.2. "என்ர சீனி எப்பவும் நூற்றி அறுபது, எழுபது. இது என்ன ஒன்பது? மெஷின் பழுது" என்று சொல்லிவிட்டா. அன்றைக்கு மருந்தே வேண்டாம் என்று பிடிவாதம்.

கனடாவில் லிட்டருக்கு மில்லிமோல். இலங்கையிலும் இந்தியாவிலும் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். குளுக்கோசின் மோலார் நிறை 180.16. ஒரு தாளில் போட்டுக் காட்டினேன்:

(9.2 மில்லிமோல் குளுக்கோஸ் / 1 லிட்டர்)
× (180.16 மி.கி. குளுக்கோஸ் / 1 மில்லிமோல் குளுக்கோஸ்)
× (1 லிட்டர் / 10 டெசிலிட்டர்)
= 166 மி.கி. குளுக்கோஸ் / டெசிலிட்டர்

அம்மா ஒரு காலத்தில் கணக்கு ரீச்சர். அடிபடுகிறதைப் பார்த்துத் தலையாட்டினா, மருந்தையும் போட்டா.

இதில் எல்லோரும் '18 ஆல் பெருக்கு' என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த 18 குளுக்கோசுக்கு மட்டும். எங்கள் சொந்தத்தில் ஒருவர் கொலஸ்ட்ரால் 6.2 என்று வந்ததை அதே 18 ஆல் பெருக்கி 112 என்று எடுத்துக்கொண்டு சந்தோசமாக இருந்தார். கொலஸ்ட்ராலின் மோலார் நிறை 386.65, அதனால் காரணி 38.67. உண்மையில் அது 240. கூடியதென்று வைத்தியர் கண்டிக்கிற அளவு. 18 க்குப் பக்கத்தில் 'மி.கி. குளுக்கோஸ்' என்று எழுதியிருந்தால் கொலஸ்ட்ராலோடு அது சேராது என்று அவருக்கே விளங்கியிருக்கும். பிப்பெட்காரி தங்கச்சி சொன்ன அதே விசயம்தான்.

#8 கிணற்றடி

தண்ணீர் பரிசோதனை செய்பவன் நான். 'எதனுடைய' என்ற கேள்வி எங்கள் வேலையில் தினமும் வரும். மேப்பிள்முற்றம் அக்கா யாழ்ப்பாணம் என்றதால் நைட்ரேட்டையே எடுத்துக்கொள்கிறேன். அந்தக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் கிணற்று நீரில் நைட்ரேட் கூடுவது நெடுநாள் கவலை. உரமும் மலக்குழிக் கசிவும் முக்கியக் காரணங்கள்.

இந்தியக் குடிநீர்த் தரம், ஐஎஸ் 10500, நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மி.கி. வரை அனுமதிக்கிறது. அமெரிக்க வரம்பு லிட்டருக்கு 10 மி.கி. பார்த்தால் அமெரிக்கா நாலரை மடங்கு கடுமை என்று தோன்றும். அப்படி எழுதிய கட்டுரையையே படித்திருக்கிறேன். உண்மையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்திய எண் நைட்ரேட் அயனி முழுவதன் எடை. அமெரிக்க எண் அதில் உள்ள நைட்ரஜனின் எடை மட்டும்.

(10 மி.கி. நைட்ரஜன் / 1 லிட்டர்)
× (62.0 மி.கி. நைட்ரேட் / 14.0 மி.கி. நைட்ரஜன்)
= 44.3 மி.கி. நைட்ரேட் / லிட்டர்

கவனியுங்கள், இடப்பக்கமும் வலப்பக்கமும் அலகு மாறவே இல்லை. இரண்டும் மி.கி. / லிட்டர். வெறும் அலகை மட்டும் பார்ப்பவருக்கு இங்கே மாற்ற வேண்டிய எதுவும் இருப்பதாகவே தெரியாது. குழந்தைக்குப் பால் கரைக்கும் வீட்டுக் கிணற்றில் நைட்ரஜனாக 20 என்று வந்த அறிக்கையை, 45 க்குக் கீழே இருக்கிறதே என்று தூக்கி வைத்துவிட்டால் என்ன ஆகும்? அது நைட்ரேட்டாக 89, வரம்பைப் போல இரண்டு மடங்கு. கைக்குழந்தைகளுக்கு நைட்ரேட் ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குறைக்கும் என்பதால்தான் அந்த வரம்பே.

கடினத்தன்மையும் இப்படித்தான். அறிக்கையில் 'கால்சியம் கார்பனேட்டாக' என்று சின்ன எழுத்தில் இருக்கும். லிட்டருக்கு 60 மி.கி. கால்சியம் இருந்தால், கார்பனேட்டாகச் சொல்லும்போது 150. இரண்டும் ஒரே தண்ணீர். அந்தச் சின்ன எழுத்தைப் படிக்காமல் என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

#9 நிமிடமுள்

நேற்று இரவு இதை எல்லாம் படித்துவிட்டு என் வகுப்புத் தேர்வுத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். பிப்பெட்காரி அவர்கள் சொன்னது சரி. பெர்மாங்கனேட் கேள்வியில் ஊடகம் மாறியதும் பாதிப்பேர் தவறு. சமான முறையை நான் கைவிடப்போவதில்லை, தேர்வு அறையில் அது உதவுகிறது. ஆனால் பிளஸ் ஒன் தொடக்கத்தில் சங்கிலி முறையை முதலில் எடுத்துவிட்டு, அது கை வந்த பிறகு சுருக்கத்துக்குப் போவதுதான் முறை என்று இப்போது நினைக்கிறேன். சங்கிலி ஓடும் மூளைக்கு அடைப்புக்குறிகள் தானாகவே மனதுக்குள் போய்விடும், நேரமும் ஆகாது.

இந்த முறை எங்கே செல்லாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வெப்பநிலையில் செல்லாது. 25 டிகிரி செல்சியசைக் கெல்வினாக்க எந்தக் காரணியாலும் பெருக்க முடியாது, 273.15 ஐக் கூட்ட வேண்டும். இரண்டு அளவுகோலின் பூஜ்யமும் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. வாயு விதிக் கணக்கில் செல்சியசை அப்படியே போட்டவர்களின் விடை எங்கேயோ போய் நிற்கும்.

இன்னொன்று, என் வகுப்பில் அதிகம் விழும் குழி. கிப்ஸ் ஆற்றல். என்தால்பி (வெப்ப) மாற்றத்திலிருந்து, வெப்பநிலையையும் என்ட்ரோபி (ஒழுங்கின்மை) மாற்றத்தையும் பெருக்கிக் கழிக்க வேண்டும்; விடை எதிர்க்குறி என்றால் வினை தன்னிச்சையானது. அம்மோனியா தயாரிப்பில், இரண்டு மோல் அம்மோனியா உருவாகும் சமன்பாட்டுக்கு, என்தால்பி மாற்றம் −92.2 கிலோஜூல், என்ட்ரோபி மாற்றம் கெல்வினுக்கு −198.7 ஜூல். ஒன்றில் கிலோ, மற்றதில் கிலோ இல்லை. 298 கெல்வினில் பெருக்கிக் கழித்தால்:

−92.2 கிலோஜூல் − (298 கெல்வின் × −198.7 ஜூல் / கெல்வின்)
= −92.2 கிலோஜூல் + 59,213 ஜூல்

இந்த இடத்தில் அலகை எழுதியவன் நிற்பான். 59,213 ஜூல் என்பது 59.2 கிலோஜூல், ஆக விடை −33.0 கிலோஜூல், வினை தன்னிச்சையானது. அலகை எழுதாதவன் −92.2 + 59,213 என்று கூட்டி நேர்க்குறியில் ஒரு பெரிய எண்ணை எழுதி, வினை தன்னிச்சையற்றது என்று முடிப்பான். ஆயிரம் மடங்கு தவறு என்பதோடு போகாமல் பதிலே தலைகீழாகிவிடுகிறது. கூட்டலுக்கும் கழித்தலுக்கும் முன்னால் இரண்டு உறுப்பும் ஒரே அலகில் இருக்க வேண்டும்.

#10 விமானநோக்கி

வேதியியல் ஆள் இல்லை, ஆனால் அடர்த்தி பற்றிப் பேசுவதால் ஒன்று. 1983 ஜூலை 23. ஏர் கனடா 143, புத்தம் புதிய போயிங் 767, மாண்ட்ரியலில் இருந்து எட்மன்டனுக்கு. எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. அளவுகோலை விட்டுப் பார்த்ததில் தொட்டியில் 7,682 லிட்டர். பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ. கனடா அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். லிட்டரை எடையாக மாற்ற எல்லோரும் பழகிய 1.77 என்ற எண்ணால் பெருக்கி, வந்ததைக் கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள். அது லிட்டருக்கு 1.77 பவுண்டு. கிலோவில் என்றால் 0.803.

20,000 லிட்டர் ஏற்றியிருக்க வேண்டிய இடத்தில் ஏறியது சுமார் 4,900. நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்றன. சறுக்கு விமானங்களில் பழகிய கேப்டன் பியர்சன் அதை அப்படியே மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். அந்த 1.77 க்குப் பக்கத்தில் ஒரே ஒரு 'பவுண்டு' எழுதியிருந்தால் போதும்.

#11 புதுப்பேனா

விமானக் கதையை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். இன்று நானாக ஒன்று முயன்றேன். தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். இதைக் கன மீட்டருக்கு எத்தனை கிலோகிராம் என்று மாற்ற வேண்டும்.

19.3 கிராம் / கன சென்டிமீட்டர் × (1 கிலோகிராம் / 1000 கிராம்) × (100 சென்டிமீட்டர் / 1 மீட்டர்) = 1.93

1.93 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போக இருந்தேன். அப்புறம் அலகை அடித்துப் பார்த்தேன். கீழே மூன்று சென்டிமீட்டர் இருக்கிறது, மேலே ஒன்றுதான். இரண்டு மிச்சம் நின்றது. அதனால் (100 சென்டிமீட்டர் / 1 மீட்டர்) என்பதை மூன்று தடவை போட்டேன். அப்போது 19,300 கிலோகிராம் / கன மீட்டர். சரியா சார்? யாரும் சொல்லாமல் நானே கண்டுபிடித்த முதல் தவறு இது.

#12 பிப்பெட்காரி

மிகச் சரி. அந்த இடத்தில் பட்டம் வாங்கினவர்களே சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அடைப்புக்குறி முழுவதையும் மூன்றாம் படிக்கு உயர்த்து, எண்ணையும் சேர்த்துத்தான். ஒரு கன மீட்டரில் பத்து லட்சம் கன சென்டிமீட்டர்.

ஒரு சின்னக் குறிப்பு: வாயு ஒரு மோலுக்கு 22.4 லிட்டர் என்ற காரணியை எடுக்கும்போது நிபந்தனையைப் பக்கத்தில் எழுது. 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தம் என்றால் 22.4. அழுத்தம் 1 பார் என்றால் 22.7. புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், கேள்வியில் எது என்று பார்த்துக்கொள்.

#13 கரும்பலகை

சரி அம்மா. தங்கத்தைத் தொட்டுவிட்டாய், அதிலேயே கடைசியாக ஒன்று தருகிறேன். யாருடைய உதவியும் இல்லாமல் போடு. ஒரு பவுன் 8 கிராம். நகை 916 முத்திரை. ஒரு பவுன் நகையில் எத்தனை தங்க அணு? தங்கத்தின் மோலார் நிறை 196.97.

#14 புதுப்பேனா

1 பவுன் நகை
× (8.00 கிராம் நகை / 1 பவுன் நகை)
× (916 கிராம் தங்கம் / 1000 கிராம் நகை)
× (1 மோல் தங்கம் / 196.97 கிராம் தங்கம்)
× (6.022 × 10²³ தங்க அணு / 1 மோல் தங்கம்)
= 2.24 × 10²² தங்க அணு

முதலில் 8 ஐ நேராக 196.97 ஆல் வகுக்கப் போனேன். 'கிராம் நகை' மேலே, 'கிராம் தங்கம்' கீழே. அடிபடவில்லை. அங்கேதான் 916 எதற்கு என்று புரிந்தது. அக்காவின் 37 சதவீதம் மாதிரியே.

அம்மாவின் சங்கிலி மூன்று பவுன். அதற்கும் போட்டேன்: 6.72 × 10²². அம்மா எண்ணைக் கேட்டுவிட்டு, "செய்கூலி, சேதாரத்தை எந்த அடைப்புக்குறியில் போடுவாய்?" என்று கேட்கிறார்.

#15 கரும்பலகை

விடை சரி. செய்கூலிக்கு ரூபாய் / கிராம் நகை. அதுவும் ஒரு காரணிதான், அம்மாவிடம் சொல்.